மூட்டை என்றால் என்ன?

திங்கட்கிழமை காலையில் ஷீபா இரண்டு காரியம் செய்வதாக இருந்தாள். ஒரகடத்தில் தான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ராஜினாமா அனுப்புவது ஒன்று. கோயம்புத்தூர் வெங்கடேசனிடம் பேசி வைத்திருந்த நெல் உலர்த்தும் இயந்திரத்துக்கு அட்வான்ஸ் போடுவது இன்னொன்று. ராஜினாமாவைச் செல்போனில் அடித்துத் தயாராக வைத்திருந்தாள். அட்வான்ஸுக்கு அவள் பி.எஃப். கணக்கிலிருந்து கேட்டிருந்த முன்பணம் வந்துவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை. நடுவில் பாக்கியிருந்தது ஜெயப்பிரியாவின் ஒரு நாள் வகுப்பு மட்டும்தான். காஞ்சிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு உதவ ஒரு மையம் வைத்திருந்தார்கள். அந்த மையத்தின் ஆதரவு வேண்டுமென்றால் அதன் பயிற்சியாளர் ஜெயப்பிரியா நடத்தும் இந்த வகுப்பை முடித்தாக வேண்டும். "கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கற மாதிரி. இதனால எதுவும் மாறப் போறதில்ல, ஆனா எடுத்துத்தான் ஆவணும்" என்று கார்த்திக் சொல்லிக்கொண்டிருந்தான்.

கார்த்திக்கும் ஷீபாவும் சாலவாக்கம் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அப்பா பஞ்சாட்சரம், ஏரிக்குக் கீழே நஞ்சை வைத்துப் பயிர் செய்கிறவர். அவள் அப்பா ஐசக், அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்குவது என்று முடிவெடுத்து ஒரு வருஷம் ஆகிறது.

தொழில் இதுதான். இப்போதெல்லாம் அறுப்பு இயந்திரத்தில் நடக்கிறது. காலையில் வயலில் இறங்கினால் மத்தியானத்துக்குள் நெல் குவிந்துவிடும். ஆனால் அந்த நெல்லில் ஈரம் அதிகம். ஆவணியில் வரும் சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பு நேரத்தில் சாயங்காலமானால் மழை வேறு. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், வண்டி திரும்ப வேண்டியதுதான். ரோட்டோரத்தில் கொட்டிக் காயவைத்து, மறுபடி அள்ளி, மறுபடி வண்டி வாடகை கொடுத்து வர வேண்டும். திரும்புகிற வண்டியால் விவசாயிக்கும் லாபமில்லை, இறக்கிய மூட்டையைத் திரும்ப ஏற்றுகிற ஐசக்குக்கும் லாபமில்லை. அதனால் டிராக்டரில் இழுத்துக்கொண்டு போகிற ஓர் உலர்த்தும் இயந்திரத்தை வாங்கி, களத்துக்கே போய்க் காயவைத்துக் கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். கார்த்திக் வீடு வீடாகப் போய் யார் யாருக்கு எவ்வளவு நெல் வரும் என்று கேட்டு வந்தான். வேண்டும் என்று சொன்னவர்களிடம் ஷீபா, "வண்டி திரும்பாது, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

வகுப்புக்குப் பால் சொசைட்டிக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. காலைப் பால் போன பிறகு சாயங்காலம் வரைக்கும் அது காலிதான். கழுவிவிட்ட தரை காயாமல் இருந்தது. ராஜகுளத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஜெயப்பிரியா, செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகில் கட்டியிருந்த பழுப்புக் காகிதச் சுருளை அவிழ்த்தாள். அவளுக்கும் அவர்கள் வயதுதான் இருக்கும்.

"மேடம், புரொஜெக்டர் எங்க வெக்கறது?" என்றான் கார்த்திக்.

"புரொஜெக்டரும் இல்ல, மேடமும் இல்ல. பிரியான்னு கூப்பிடுங்க. இந்தாங்க, கோந்து டேப்பு. நாலு தாளு, நாலு செவுத்துல ஒட்டணும்."

ஒட்டினார்கள். அவள் கையில் கலர் கலராக ஒட்டுச்சீட்டுக் கட்டுகள்.

"நீங்க ஒரு கம்பெனியக் கட்டப் போறீங்க. வூடு கட்டறதுக்கு முன்னாடி பிளான் போடறோம் இல்ல? தாள்ல கதவ அழிச்சு எழுதலாம். கட்டினப்பறம் ஒடைக்கத்தான் முடியும். அதனால இன்னிக்கு உங்க கம்பெனிய இந்தச் செவுத்துல ஓட வெச்சுப் பாக்கறோம். இதுல ஒடைஞ்சா யாருக்கும் நஷ்டமில்ல."

முதல் தாளின் தலைப்பு 'எதுக்கு'. ஷீபா ஒரு மஞ்சள் சீட்டில் 'டிரையர் வாங்கி வாடகைக்கு விடுவது' என்று எழுதி நடுவில் ஒட்டினாள்.

"எதுக்கு?" என்றாள் ஜெயப்பிரியா.

"நெல்லு காயறதுக்கு."

அதை ஒரு சீட்டில் எழுதி முதல் சீட்டுக்கு மேலே ஒட்டச் சொன்னாள். "காயறது எதுக்கு?"

"கொள்முதல் சென்டர்ல எடுத்துக்கணுமே, அதுக்கு." அந்தச் சீட்டும் மேலே ஏறியது.

"அது எதுக்கு?"

"எங்கக்கா பையன் இப்டித்தான் கேட்டுக்கினே இருப்பான், அவனுக்கு நாலு வயசு" என்றான் கார்த்திக்.

ஷீபா சிரிக்கவில்லை. அப்பா திரும்ப ஏற்றிவிட்ட வண்டிகளை நினைத்துக்கொண்டாள். "போன வண்டி திரும்பக் கூடாது. அவ்ளோதான்" என்றாள்.

"இதான் உச்சி" என்று அந்தச் சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினாள் ஜெயப்பிரியா. "இப்ப பாருங்க. கீழயிருந்து மேல ஏறணும்னா 'எதுக்கு'ன்னு கேக்கணும். மேலயிருந்து எறங்கணும்னா 'எப்படி'ன்னு கேக்கணும். ஏறறப்ப ஒரே வழியா ஏறிட்டோம். எறங்கறதுக்கு வேற வழியும் இருக்கலாம். அதனால டிரையருக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் வுட்டு வைங்க."

"அங்க ஒட்ட ஒண்ணுமில்லியே?" என்றான் கார்த்திக்.

"இப்ப இல்ல. எடம் மட்டும் இருக்கட்டும்."

இரண்டாவது தாள் 'யாரு'. தொழிலில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி. அம்பு மேல் என்ன போகிறது என்று எழுத வேண்டும். போகிற அம்பு ஒன்று இருந்தால் வருகிற அம்பும் ஒன்று இருந்தாக வேண்டும். டிராக்டர்காரருக்கு இவர்கள் வேலை தருகிறார்கள், அவரிடமிருந்து நேரத்துக்கு வண்டி வருகிறது. அப்படி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்ததில் ஒரே ஒரு வட்டத்துக்கு மட்டும் அம்பு திரும்பி வரவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் கொடுப்பதாகச் சொன்ன கார்த்திக்கின் மச்சான்.

"அவனுக்கு நாம இன்னா குடுக்கறோம்?" என்றாள் ஷீபா.

"மரியாதை" என்றான் கார்த்திக்.

"எத்தினி நாளைக்கு?"

கார்த்திக் பேனாவை எடுத்து 'டீசல், வாடகை' என்று எழுதினான். ஷீபாவுக்கு அப்போதுதான் இந்த விளையாட்டு பிடிக்கத் தொடங்கியது. கம்பெனியில் அவள் பார்ப்பது தரம் சோதிக்கிற வேலை. தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவளுக்குச் சுகமான காரியம்.

மூன்றாவது தாளில் வேலை எந்த வரிசையில் நடக்கும் என்று கட்டம் கட்டமாகப் போட்டார்கள். அறுப்பு. போன் வருவது. இயந்திரம் களத்துக்குப் போவது. ஏற்றுவது, காய்வது, இறக்குவது, சென்டருக்கு அனுப்புவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே எவ்வளவு நேரம், எவ்வளவு நெல். இயந்திரம் ஒரு தடவைக்கு இரண்டு டன் பிடிக்கும் என்று வெங்கடேசன் சொல்லியிருந்தார். ஷீபா அதை மூட்டையாக்கி, 'ஐம்பது மூட்டை' என்று எழுதினாள். காலையில் ஒரு ஏற்றம், மத்தியானத்துக்கு மேல் ஒரு ஏற்றம், ஆக ஒரு நாளைக்கு நூறு. கார்த்திக் கேட்டு வந்த மூட்டைகளை அறுப்பு நடக்கும் இரண்டு வாரத்துக்குள் பிரித்துப் போட்டார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு நாள் கூட மிச்சமாக நின்றது.

"சொன்னேனா இல்லியா? போட்டோ ஸோக்கா வந்துகீது" என்று கார்த்திக் கையைத் தட்டினான். "மேடம், நாஷ்டா கூடத் துன்னல. வடை வாங்கினு வரட்டா?"

"நாலாவது தாளு ஒண்ணு இருக்கே" என்றாள் ஜெயப்பிரியா. "எல்லாருக்கும் பேஜாரான தாளு. முடிச்சுட்டு வடை."

நாலாவதன் தலைப்பு 'சொல்'. மற்ற மூன்று தாள்களிலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். அதையும் சேர்ந்து எழுதக் கூடாது. ஆளுக்கொரு சீட்டில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். முதல் சொல், களம். இரண்டு பேரும் ஒன்றே எழுதியிருந்தார்கள். ஈரம், அதுவும் ஒன்றே. அடுத்தது மூட்டை.

"மூட்டைன்னா மூட்டைதான் பிரியா. சாக்கு. உள்ள நெல்லு. வாயத் தச்சிருக்கும்" என்றான் கார்த்திக்.

"அதையே எழுதுங்க. எவ்ளோ நெல்லுன்னும் எழுதுங்க."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு எழுதினார்கள். ஜெயப்பிரியா இரண்டு சீட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றாள்.

கார்த்திக்கின் சீட்டில் எழுபத்தைந்து கிலோ. ஷீபாவின் சீட்டில் நாற்பது கிலோ.

"இன்னாடி இது, நாப்பது கிலோவுக்கு எந்த ஊர்ல மூட்ட கீது?" என்றான் கார்த்திக்.

"உங்கப்பா வண்டிய நிறுத்தறாரே, அந்த ஊர்ல."

"அது சர்க்கார் சாக்குடி. அங்க கொட்டி, தூத்தி, அப்பால அவங்க சாக்குல புடிக்கறாங்க. எங்க வூட்ல வந்து பாரு. எழுபத்தஞ்சுக்குக் கொறைஞ்சு ஒரு மூட்ட கெடையாது."

"எங்க நைனா தோள்ல எத்தினி வருசமா ஏறுது தெரியுமா? நாப்பதுதான்டா மூட்ட. அது ஏறுனாத்தான் எங்க வூட்ல ஒல கொதிக்கும்."

ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். 'மூட்டை' என்ற சொல்லை இரண்டு பேரும் ஆயிரம் தடவை ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருப்பார்கள். ஆனால் கார்த்திக் வீட்டு நெல் அறைக்குள் ஷீபா போனதில்லை. சென்டரில் சாக்குத் தைக்கிற இடத்துக்குக் கார்த்திக் வந்ததில்லை. இரண்டு பேரும் எழுதியது சரிதான். அதுதான் சங்கடம்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஷீபா மூன்றாவது தாளைத் திரும்பிப் பார்த்தாள். விவசாயிகள் சொன்ன மூட்டை எல்லாம் பெரிய மூட்டை. இயந்திரத்துக்கு அவள் போட்ட ஐம்பது, சின்ன மூட்டை. பெரிய மூட்டையாகப் போட்டால் ஒரு ஏற்றத்துக்கு இருபத்தேழு கூடத் தேறாது. கச்சிதமாக உட்கார்ந்ததாக நினைத்த இரண்டு வாரம் கிட்டத்தட்ட நாலு வாரமாகிவிட்டது. நாலு வாரம் நெல் காத்துக்கொண்டிருக்காது. முளைத்துவிடும்.

"வேணும்னு சொன்னவங்கள்ல பாதிப் பேருக்கு மெஷின் போயே சேராது" என்றாள். குரல் இறங்கிவிட்டது. கம்பெனியில் அளவுக்குப் பக்கத்தில் கிலோவா, மில்லிமீட்டரா என்று எழுதாமல் ஒரு தாளை அவள் நகரவிட்டதில்லை. இங்கே மட்டும் எப்படி விட்டாள்? பிறந்ததிலிருந்து தெரிந்த சொல் என்பதால்தான். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பாள்.

"இன்னொரு மெஷின்?" என்றான் கார்த்திக். அவனே தலையை ஆட்டிக்கொண்டான். "ஒண்ணுக்கே நாக்கு தள்ளுது."

ஷீபா ஜெயப்பிரியாவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. வுட்டுடலாமா?"

"அத நான் சொல்லக் கூடாது ஷீபா. எனக்கு நெல்லும் தெரியாது, உங்க ஏரியும் தெரியாது. கேள்வி கேக்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்." அவள் முதல் தாளுக்குப் போய் உச்சியில் இருந்த சீட்டைத் தொட்டாள். "ஒடைஞ்சது டிரையர் சீட்டு. இந்தச் சீட்டு ஒடையலியே. மேலயிருந்து மறுபடி எறங்குங்க. வண்டி திரும்பக் கூடாது. எப்படி?"

வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"திரும்பற வண்டியெல்லாம் சொட்டச் சொட்டவா ஈரமா கீது?" என்று கார்த்திக் மெதுவாக ஆரம்பித்தான். "போன வருசம் எங்கப்பா வண்டி திரும்பிச்சு. பதினேழுக்கு மேல ரெண்டே பாயிண்டு. இன்னொரு வெயிலு காட்டியிருந்தா போதும். அவரு பல்லுல கடிச்சுப் பாத்து, காஞ்சிட்சுன்னு ஏத்திட்டாரு."

"கடிச்சா ரெண்டு பாயிண்டு தெரியாது" என்றாள் ஷீபா. சொல்லும்போதே அவள் கை சீட்டுக் கட்டுக்குப் போய்விட்டது. சோதிப்பது அவளுடைய வேலை ஆயிற்றே. 'ஏத்தறதுக்கு முன்னாடியே களத்துல ஈர மீட்டர் வெச்சுப் பாக்கறது' என்று எழுதி, காலியாக விட்டு வைத்திருந்த இடத்தில் ஒட்டினாள். "மீட்டர் ஒரு பையில அடங்கும். வண்டியில போய்ப் பாத்துட்டு, இன்னிக்கு ஏத்து, நாளைக்கு ஏத்துன்னு சொல்லிடலாம். முக்கால்வாசிப் பேருக்கு வெயிலே போதும்."

"மழையில நனைஞ்சது?"

"அதுக்கு மட்டும் டிரையரு. அது கொஞ்சமாத்தான் இருக்கும். வாலாஜாபாத்ல ஏகாம்பரம் மில்லுல டிரையர் கீதில்ல? ஆவணி மாசத்துல அது சும்மாத்தான் நிக்கும்னு நைனா சொல்லும்."

"ஏகாம்பரத்துக்கு ஒரு வட்டம் போடு" என்றான் கார்த்திக். "அம்பு ரெண்டு பக்கமும் போடு. அந்தாளு மரியாதைக்கெல்லாம் மசிய மாட்டாரு."

சாயங்காலம் பால் கேன்கள் வரத் தொடங்கும்வரை ஒட்டினார்கள், பிய்த்தார்கள், மறுபடி ஒட்டினார்கள். வடை வாங்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கிளம்பும்போது ஜெயப்பிரியா தாள்களைச் சுருட்டி ஷீபா கையில் கொடுத்தாள். ஷீபாவுக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் வந்தது.

"நன்றின்னா இன்னான்னு ரெண்டு பேரும் தனித்தனியா எழுதுங்க" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தாள் ஜெயப்பிரியா.

திங்கட்கிழமை காலையில் ஷீபா வெங்கடேசனுக்கு மட்டும் போன் போட்டாள்.

"சார், இந்த சீசன் மெஷின் வேணாங்க."

"ஏனுங்க, வேற யாராச்சும் கம்மியாத் தர்றாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. மூட்டை தப்பாயிடுச்சு."

"மூட்டையா? எந்த மூட்டைங்க?"

"அதேதாங்க சார் கேள்வி" என்று சிரித்துவிட்டாள். எதிர்முனையில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ராஜினாமாவை அனுப்பவில்லை. அதற்குப் பதில் அறுப்பு முடியும்வரை இரண்டாவது ஷிப்ட் கேட்டு எழுதினாள். காலைப் பொழுது களத்துக்கு, மத்தியானத்துக்கு மேல் கம்பெனிக்கு.

அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. வாக்குக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், மெஷின் வராது, மீட்டர்தான் வரும் என்று சொல்ல வேண்டும். முதலில் பஞ்சாட்சரத்திடம் போனார்கள்.

"டிரையருன்னு சொன்னீங்க. இப்ப டார்ச் லைட்டு மாதிரி இன்னாத்தையோ எடுத்துக்கினு வந்துகிறீங்க" என்றார் அவர்.

"ஐயா, உங்க பெரிய மூட்டைய சென்டர் சின்ன மூட்டைன்னு கணக்குப் போட்டுட்டேன். மெஷின்னு நான் சொன்னது தப்பு. வண்டி திரும்பாதுன்னு சொன்னது தப்பில்ல. அதுக்கு இப்பவும் நான்தான் பொறுப்பு" என்றாள் ஷீபா.

"எங்க பல்லு பாக்காததையா இது பாத்துரும்?"

"பாத்துக்கலாம்ப்பா. உனுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பல்லே இல்ல" என்றான் கார்த்திக்.

ஏரிக்குக் கீழே அறுப்பு தொடங்கிய மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஷீபா பஞ்சாட்சரத்தின் களத்தில் இருந்தாள். தார்ப்பாயை விலக்கி, குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து மீட்டரில் போட்டாள். மேலே பதினாறு. அடியில் இருபது. மேலே கடித்துப் பார்த்திருந்தால் காய்ந்த நெல் என்றுதான் பல் சொல்லியிருக்கும்.

"இன்னிக்கு வேணாம்யா. பொரட்டிப் போடுங்க. ஒரே வெயிலு. நாளைக்கு நான் வந்து பாத்துட்டு ஏத்திக்கலாம்."

அவர் வானத்தைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், வண்டிக்காரனை நாளைக்கு வா என்று அனுப்பினார். அன்றைக்கு வெயில் நன்றாகவே காய்ந்தது. பள்ளத்து வயல்காரர் ஒருவரின் நெல் மட்டும் முழுக்க நனைந்திருந்தது. அது வாலாஜாபாத்துக்கு, ஏகாம்பரம் மில்லுக்குப் போனது. மறுநாள் மீட்டரில் பார்த்து ஏற்றிய பஞ்சாட்சரத்தின் வண்டி கிளம்பியபோது ஷீபாவும் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனாள். தப்பாகிவிட்டால் முகத்துக்கு நேரே திட்டு வாங்குவதுதான் நியாயம் என்று நினைத்தாள்.

சென்டரில் நெல்லை எடுத்து அவர்கள் மீட்டரில் போட்டுப் பார்த்தார்கள். பதினாறரை. கொட்டித் தூற்றி, சாக்கில் பிடிக்கத் தொடங்கினார்கள். முதல் மூட்டை ஐசக்கின் தோளுக்கு ஏறியது. அவர் லாரிப் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது மகளைப் பார்த்து, "இன்னா மேனேஜரம்மா, வெயில்ல நிக்கறே?" என்றார். தலைச்சும்மாட்டை எடுத்து உதறி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார். அந்த வண்டியிலிருந்து ஒரு மூட்டைகூடத் திரும்பிப் போகவில்லை. ஷீபாவுக்குக் கண் நிறைந்தது. மீட்டரைப் பையில் வைத்து மூடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்தே ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டாள். அவள் வேறு ஏதோ ஊரில் வேறு யாருடைய சுவரிலோ தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேட்டீங்களே, நன்றின்னா இன்னான்னு" என்றாள் ஷீபா.

"எழுதிட்டீங்களா?"

"எழுதத் தெரியல. எங்க நைனா மூட்ட தூக்கறத இன்னிக்குத்தான் சந்தோஷமாப் பாத்தேன். அவ்ளோதான்."

"எந்த மூட்டை?" என்றாள் ஜெயப்பிரியா.

"சின்ன மூட்ட."

அறுப்பு முடிகிறவரைக்கும் ஷீபாவின் போன் ஓயவில்லை. பழுப்புத் தாள்கள் அவள் வீட்டுச் சுவரில் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சீட்டு இடம் மாறியது. அடுத்த நவரைப் பட்டத்துக்கு மெஷின் வாங்கலாமா என்று கார்த்திக் கேட்டபோது, "தாள்ல ஓட்டிப் பாக்கலாம்" என்றாள்.

கடைசி வாரத்தில் ஒரு காலை. பஞ்சாட்சரம் கூப்பிட்டார். கடைமடையில் அவருக்கு இன்னொரு வயல் பாக்கியிருந்தது.

"அம்மா ஷீபா, நாளைக்கு அறுப்பு. வந்து பாத்து சொல்லிட்டு அப்பால கம்பெனிக்குப் போ."

"வரேன்யா. எவ்ளோ வரும்?"

"ஒரு முப்பது மூட்ட வரும்" என்றார். போனை வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, மறுபடி காதில் வைத்துச் சொன்னார்:

"பெரிய மூட்ட."